ஃபிளாஷ் வேண்டாம், அதில் பிறந்தவை வேண்டும்

இணையதளங்களில் அசைபடங்களையும் விளையாட்டுகளையும் ஓட்ட உலாவியில் சேர்க்கப்பட்ட ஃபிளாஷ் செருகுநிரலுக்குக் கைப்பேசியிலும் இடம் தந்திருக்க வேண்டும் என்று இன்றும் சிலர் வாதிடுகிறார்கள். கூடாது என்பதே என் உறுதியான எண்ணம். 2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் திறந்த மடல் எழுதி, ஐபோனில் அதற்கு இடமில்லை என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்ன ஒரு காரணத்தை மறுக்க முடியவில்லை. மவுஸின் அம்பு மேலே வந்து நின்றாலே விரியும் பட்டியல்கள் ஃபிளாஷ் தளங்களில் ஏராளம். விரலுக்கு ஏது அம்பு? அடுத்த ஆண்டு நவம்பரிலேயே கைப்பேசி உலாவிகளுக்கான ஃபிளாஷை, அதை வெளியிட்டுவந்த அடோபி நிறுவனமே கைவிட்டது. பாதுகாப்பு ஓட்டைகளோ அடைக்க அடைக்க வந்துகொண்டே இருந்தன. 2020 டிசம்பர் 31-உடன் கணினியிலும் ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்த, எல்லாம் முடிந்தது.

என் கவலையெல்லாம் அதில் பிறந்த சின்னச் சின்ன விளையாட்டுகளையும் அசைபடங்களையும் பற்றியதுதான். எத்தனை பேரின் பள்ளி விடுமுறை அவை! நல்லவேளை, ரஃபிள் என்ற திறமூல மென்பொருள் வந்தது. செருகுநிரல் இல்லாமல் உலாவிக்குள்ளேயே பழைய கோப்புகளை ஓட்டுகிறது. பழைய இணையப் படைப்புகளைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் 2020 நவம்பர் முதல் அதைப் பயன்படுத்துகிறது.

நேற்றிரவு என் கைப்பேசியில் அந்தப் பழைய விளையாட்டுகளில் ஒன்றைத் திறந்தேன். பட்டை மெல்ல நிறைந்தது, பொத்தான் வந்தது. விரல் வைத்தேன், ஓடியது. மகளை எழுப்பிக் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது.