சிகரெட் கொடுத்துப் படம் பார்த்த ஊர்

சராயேவோ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1914-ல் ஆஸ்திரிய இளவரசர் சுட்டுக் கொல்லப்பட்ட லத்தீன் பாலம்தான். பள்ளிப் பாடப் புத்தகம் செய்த வேலை அது. நான் அங்கே போனது ஆவணப்படங்களுக்காக.

போஸ்னியாவின் தலைநகரான இந்த ஊர் 1992 ஏப்ரல் முதல் 1996 பிப்ரவரி வரை, 1,425 நாட்கள், செர்பியப் படைகளின் முற்றுகைக்குள் கிடந்தது. ஊர் பள்ளத்தில், பீரங்கிகள் சுற்றியிருந்த மலைகளில். நவீன காலத்தில் வேறெந்தத் தலைநகரமும் இவ்வளவு நீண்ட முற்றுகையைக் கண்டதில்லை. கரண்ட் கிடையாது, குழாயில் தண்ணீர் வராது, தெருவைக் கடக்க வேண்டுமென்றால் ஸ்னைப்பருக்குத் தப்பி ஓட வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் படம் எடுத்தார்கள். எடுத்ததோடு நிற்காமல், ஊரைக் கூட்டிப் படம் போட்டும் காட்டினார்கள். இதைப் படித்த நாளிலிருந்தே இந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

1993 அக்டோபரில் ஹாரிஸ் பஷோவிச் என்ற நாடக இயக்குநர் முற்றுகைக்குள்ளேயே ஒரு திரைப்பட விழாவை நடத்தினார். அதே காலத்தில் 'அப்பல்லோ' என்ற போர்க்காலத் திரையரங்கும் இயங்கியது. டிக்கெட்டுக்குப் பதிலாக ஒரு சிகரெட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போனதாக அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அன்று சிகரெட் என்பது கிட்டத்தட்ட ரூபாய் நோட்டு. சம்பளத்தையே சிகரெட்டாக வாங்கியவர்கள் உண்டு. 1995-ல், முற்றுகை முழுதாக விலகுவதற்கு முன்பே, சராயேவோ திரைப்பட விழா தொடங்கிவிட்டது. இப்போது ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கிறது.

முதலில் போனது போஸ்னிய வரலாற்று அருங்காட்சியகம். கட்டடத்தின் வெளிச்சுவரில் குண்டு துளைத்த குழிகள் அப்படியே இருக்கின்றன. உள்ளே முற்றுகைக் கால வாழ்க்கைக்கென்று ஒரு தளம். தகரத்தை வெட்டி மடக்கிக் கையாலேயே செய்த அடுப்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு சிறிய அடுப்பின் முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். மூடியின் விளிம்பை உட்புறமாக மடக்கித் தட்டியிருந்தார்கள். கையைக் கிழித்துவிடக் கூடாதே என்ற கவலையில் ஒருவர் பொறுமையாகச் செய்த வேலை அது. பக்கத்தில் தண்ணீர் கேன்களை ஏற்றி இழுக்கச் செய்த வண்டிகள். காகிதத் தட்டுப்பாட்டால் பழைய அச்சுத் தாளில் சுற்றி விற்ற சிகரெட் பாக்கெட்டுகளும் இருந்தன. எதிலாவது எழுத்து தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன்.

அந்த அடுப்பைப் பார்த்த பிறகுதான் 'சாகா' குழுவின் படங்கள் எனக்கு முழுதாகப் புரிந்தன. அடெமிர் கெனோவிச் தொடங்கிய தயாரிப்பு நிறுவனம் அது. 1993-94 குளிர்காலத்தில் பிரெஞ்சுக் குழு ஒன்றுடன் சேர்ந்து, முற்றுகைக்குள் இருந்த ஒரு தெருவின் அன்றாடத்தை இரண்டிரண்டு நிமிடப் படங்களாக எடுத்தார்கள். பிபிசி அவற்றை ஒளிபரப்பியது. வெளிநாட்டுச் செய்திக் கேமராக்கள் ஷெல் விழுந்த இடத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஓடியதைக் குறை சொல்ல முடியாது. 1994 பிப்ரவரி 5 அன்று மார்க்காலே சந்தையில் ஒரே குண்டுக்கு 68 பேர் இறந்ததை உலகம் பார்த்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அடுத்த குண்டு விழும்வரை அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை உள்ளூர்க் கேமராதான் காட்டியது. விறகு எங்கே கிடைத்தது, கிழவியின் மாடிக்குத் தண்ணீரை யார் சுமந்து போனார்கள், அடுப்பில் என்ன எரித்தார்கள். என்னைப் பொறுத்தவரை ஆவணப்படம் என்றால் இதுதான். சாவை எண்ணிச் சொல்லச் செய்தி போதும். வாழ்ந்ததைச் சொல்லக் கூடவே தங்குகிற ஒரு கேமரா வேண்டும்.

பில் கார்ட்டர் என்ற அமெரிக்கர் அப்படித் தங்கியவர். 1993 மே மாதம் ஒரு நிலவறையில் நடந்த அழகிப் போட்டியை அவர் எடுத்த படத்தில் பார்க்கலாம். பதினேழு வயது இனேலா நோகிச் பட்டம் வென்றார். போட்டியாளர்கள் எல்லோரும் சேர்ந்து பிடித்திருந்த துணியில் 'எங்களைக் கொல்ல விடாதீர்கள்' என்று எழுதியிருந்தது. போர் நடக்கும்போது உதட்டுச் சாயம் எதற்கு என்று கேட்பவர்கள் அந்தப் பெண்களின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். தலைவாரி, நல்ல உடை உடுத்தி வந்து நிற்பதே மலைமேல் இருந்தவனுக்கு அவர்கள் சொன்ன பதில்.

டிராம் பிடித்து இலிஜா வரை போய், அங்கிருந்து புட்மிருக்குப் போனால் சுரங்கப்பாதை அருங்காட்சியகம். முற்றுகைக்குள் ஆட்களும் பொருட்களும் வந்துபோக, விமான நிலைய ஓடுபாதைக்கு அடியில் இரண்டு பக்கமிருந்தும் மண்வெட்டியால் தோண்டி, 1993 ஜூலைக் கடைசியில் திறந்தார்கள். நீளம் ஏறக்குறைய 800 மீட்டர், உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம், அகலம் ஒரு மீட்டர். இன்று நடக்க விடுவது அதில் ஒரு சிறு பகுதியை மட்டுமே. போர்க்காலக் காட்சிகளைத் தொகுத்து ஒரு சிறிய படம் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். முழங்காலளவு நீரில் முதுகை வளைத்துக்கொண்டு மூட்டை சுமந்தவர்களைத் திரையில் பார்த்தபின், நாம் குனிந்து எடுத்து வைக்கும் பத்து அடியும் வேறு மாதிரி இருக்கிறது.

கேமரா என்றாலே நல்லது செய்யும் என்று நம்பிவிடவும் முடியாது. பழைய ஊர்ப்பகுதியில், தேவாலயத்துக்குப் பக்கத்தில் 'காலெரியா 11/07/95' இருக்கிறது. கிழக்கு போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா ஊரில் 1995 ஜூலையில் செர்பியப் படைகளால் கொல்லப்பட்ட 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமான நினைவகம். தாரிக் சமாராவின் கறுப்பு வெள்ளைப் படங்கள், ஒரு சுவர் முழுக்கப் பெயர்கள், ஆவணப்படத் திரையிடல். அங்கே நின்றபோது எனக்கு 'ஸ்கார்ப்பியன்' என்ற செர்பியத் துணைப்படையினரின் வீடியோதான் நினைவுக்கு வந்தது. ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து பிடித்து வந்த ஆறு பேரை த்ர்னோவோ அருகே கொன்றதைக் கொலையாளிகளே படம் பிடித்து வைத்திருந்தார்கள். மனித உரிமைச் செயற்பாட்டாளர் நடாஷா காண்டிச் தேடி எடுத்த அந்த ஒளிநாடா 2005 ஜூன் 1 அன்று ஹேக் போர்க்குற்ற நீதிமன்றத்தில், முன்னாள் செர்பிய அதிபர் மிலோஷெவிச் மீதான வழக்கில் ஓடியது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த தாய்மார்கள் சிலர் தங்கள் பிள்ளைகளை அடையாளம் கண்டார்கள். பெருமைக்காக எடுத்த படம் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்தவர்களுக்கே எதிரான சாட்சியாகியது. அதில் எனக்கு ஆறுதல் இருக்கிறதா என்றால், இல்லை. அந்தத் தாய்மார்கள் அதைப் பார்க்க நேர்ந்திருக்கவே கூடாது.

மாலையில் திறந்தவெளித் திரையரங்கு. ஆகஸ்ட் மாதம் என்பதால், 1990-களில் ஜெர்மனிக்கும் ஸ்வீடனுக்கும் ஓடிப்போனவர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அந்தப் போரில் இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தார்கள். பலர் திரும்பியது விடுமுறைக்கு மட்டுமே. பக்கத்து இருக்கை அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். மகள் ஜெர்மன் மொழியில் பேசினாள், அம்மா போஸ்னிய மொழியில் பதில் சொன்னார். விழாவில் 'கடந்த காலத்தை எதிர்கொள்ளல்' என்றே தனிப் பிரிவு இருக்கிறது. அதில் படம் முடிந்த பிறகும் பேச்சு முடிவதில்லை. ஒரு காலத்தில் எதிரெதிர் அணியில் இருந்த நாடுகளின் இளைஞர்கள் ஒரே அரங்கில் எழுந்து கேள்வி கேட்கிறார்கள்.

திரும்பும் வழியில் ஹசன் ஃபாசிலியின் படத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். தாலிபான் மிரட்டலால் ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேறிய அவர், மனைவி, இரு மகள்களோடு பால்கன் நாடுகள் வழியே ஹங்கேரி வரை போன பயணத்தை மூன்று கைப்பேசிகளிலேயே படமாக்கினார். 2019-ல் வெளிவந்தது. ஒரு கட்டத்தில் மகள் காணாமல் போகிறாள். தேடி அலையும்போது, இது எவ்வளவு பெரிய காட்சியாகும் என்று ஒரு கணம் மனது போனதை அவரே சொல்கிறார். அப்படி நினைத்ததற்காகத் தன்னையும் சினிமாவையும் வெறுத்ததாகச் சொல்கிறார். இதைச் சொல்லாமல் மறைத்திருக்கலாம். சொன்னதால்தான் மற்ற எல்லாக் காட்சிகளையும் நான் நம்புகிறேன்.

கடைசி நாளில் டிட்டோ தெருவில் நடந்தேன். முற்றுகை தொடங்கிய இருபதாம் ஆண்டில், 2012 ஏப்ரல் 6 அன்று, இந்தத் தெருவில்தான் கொல்லப்பட்டவர்களுக்காக 11,541 சிவப்பு நாற்காலிகள் போடப்பட்டன. குழந்தைகளுக்கான 643 நாற்காலிகள் சின்னவை. அவற்றில் மக்கள் பொம்மைகளை வைத்துவிட்டுப் போனார்கள். இதை வடிவமைத்தவரும் போரின் நடுவே படம் போட்டுக் காட்டிய அதே பஷோவிச்தான்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. வரலாற்று அருங்காட்சியகம், சுரங்கம், 11/07/95 மூன்றையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள், மனம் தாங்காது. 2017-ல் திறந்த போர்க்காலக் குழந்தைப்பருவ அருங்காட்சியகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய குழந்தைகள் வளர்ந்தபின் தாங்களே கொடுத்த பொருட்கள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே கொடுத்தவர் சொன்ன கதை. ஒரு ஜோடி பாலே காலணிகூட இருக்கிறது. அவர்கள் பேசும் வீடியோப் பதிவுகளையும் கேட்கலாம். பலரும் பொருட்களை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நீங்கள் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.