டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் உண்மையான அலைச்சல்: அண்ணனின் ஃபாலோ அப் அனுபவம்

அண்ணன் குடியை நிறுத்தி இந்த மாதத்தோடு 14 மாதம் ஆகிறது. 19 வருடக் குடி. கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் வண்டி ஓட்டுகிறவர். கோவையில் குடியை நிறுத்தச் சிகிச்சை தரும் ஒரு மையத்தில் 30 நாள் உள்ளே இருந்தார். அட்மிஷன், முதல் வாரக் கை நடுக்கம், ஊசி, குளுக்கோஸ் எல்லாம் பயந்த அளவுக்கு இல்லாமல் நல்லபடியாகவே முடிந்தது. அதற்கு அப்புறம் பட்ட பாட்டைத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அதை எங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். முதல் மூன்று மாதம் 15 நாளுக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை வரவேண்டும். அட்டையில் எழுதுவது சுலபம். எங்கள் ஊரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோவை போய், டோக்கன் போட்டு, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கித் திரும்பி மலை ஏறினால் இருட்டிவிடும். அவருக்கு ஒரு நாள் வண்டி ஓடாது, எனக்கு ஒரு நாள் லீவு. முதல் இரண்டு முறைக்கும் பஸ் காசு எங்கிருந்து வந்தது தெரியுமா? நீலகிரியில் 2022லிருந்து டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கொடுக்கிறார்கள் அல்லவா, வீட்டுக்குப் பின்னால் அண்ணி சாக்கில் கட்டி வைத்திருந்த பாட்டில்களைக் கொண்டுபோய்க் கொடுத்த காசு அது. நான்தான் கொண்டுபோனேன். அண்ணனை அந்தக் கடைப் பக்கமே விடவில்லை.

மூன்றாவது முறை ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டோம். 2009 மண்சரிவைப் பார்த்தவர்கள் நாங்கள், மழை வலுத்தால் மேட்டுப்பாளையம் ரோட்டில் போகச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டோம். அன்றைக்கு மரம் விழுந்து ரோடே அடைத்துவிட்டது. இரண்டு நாள் கழித்துப் போனோம். கவுன்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "டேட் தாண்டிடுச்சு, டாக்டர் இன்னைக்கு லீவு, அடுத்த வாரம் வாங்க" என்றார். மாத்திரையாவது கொடுங்கள், நேற்றோடு தீர்ந்துவிட்டது என்றேன். டாக்டர் கையெழுத்து இல்லாமல் தரமுடியாது என்றார். விதி சரியாகவே இருக்கட்டும், உள்ளே இருக்கும் இன்னொரு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? மலையிலிருந்து வந்திருக்கிறோம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். அண்ணன் குல்லாவைக் கையில் சுருட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை.

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் டீ கேட்டார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமலே நின்றார். அப்புறம், "நீ கூட வரலைன்னா இன்னைக்கு நான் போயிருப்பேன்டா" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஆறு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தோம். அந்த ஆறு ராத்திரியும் அண்ணி தூங்கவில்லை. ஆகவே மலையில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: மழைக்காலம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் பேசி ஒரு வாரத்துக்காவது மாத்திரை கூடுதலாக எழுதி வாங்குங்கள். மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலரின் நம்பரை, மையத்தின் பொது நம்பரை அல்ல, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன்பு டாக்டர் இருக்கிறாரா என்று போன் போடுங்கள்.

அடுத்தது அரிஷ்டம், அந்த ஆயுர்வேத மருந்து. அண்ணன் சாப்பிட்டது டைசல்ஃபிராம், திரும்பக் குடிக்காமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை. அதைச் சாப்பிடும்போது உடம்பில் ஆல்கஹால் போனால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும், பிரஷர் இறங்கும். பிராந்தி, பீர் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். மார்கழியில் சளி பிடித்தபோது சித்தி வீட்டில் தசமூலாரிஷ்டம் கொடுத்திருக்கிறார், அன்பாகத்தான். கொஞ்ச நேரத்தில் கண்ணெல்லாம் சிவந்து, குப்புற விழுந்து வாந்தி. வாயில் வாடை வேறு. அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். நானும் ஒரு நிமிடம் நம்பவில்லை, "உண்மையைச் சொல்லுண்ணா" என்று கத்தினேன். பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால் சீட்டு எழுதியவர் மூஞ்சியைப் பார்த்ததுமே குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று எழுதிவிட்டார். டியூட்டி டாக்டர்தான் பொறுமையாக, இன்றைக்கு என்னென்ன சாப்பிட்டார், என்ன மாத்திரை எடுக்கிறார் என்று கேட்டுக் கண்டுபிடித்தார். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துச் செய்வது, அதில் ஆல்கஹால் தானாகவே உண்டாகும். சில இருமல் மருந்து, டானிக், வாய் கொப்பளிக்கும் திரவத்திலும் உண்டு. சானிடைசர், ஷேவிங் லோஷன் போன்றவற்றையும் தவிர்க்கச் சொன்னார். கடைசி மாத்திரை போட்டு இரண்டு வாரம் வரைக்கும்கூட இந்த ஆபத்து இருக்கிறதாம்.

குளுக்கோஸ் ஏற்றி மறுநாள் அனுப்பினார்கள். அண்ணன் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. குடிக்காத அன்றைக்கும் குடிகாரன் என்றுதானே பார்த்தீர்கள் என்ற வருத்தம். காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவர் பர்ஸில் ஒரு சீட்டு இருக்கிறது, எந்த மாத்திரை சாப்பிடுகிறார், என்னென்ன கொடுக்கக்கூடாது என்று தமிழில் எழுதி, மேலே டேப் ஒட்டியது. சொந்தக்காரர்களுக்கும் வாய்விட்டுச் சொல்லிவிட்டோம். வெட்கப்பட்டு மறைத்ததால்தான் சித்திக்குத் தெரியாமல் போனது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்த மாத்திரையைச் சாம்பாரில், காபியில் ஆளுக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். தெரியாமல் அவர் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்லி, அவரே சம்மதித்து, லிவர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துதான் கொடுக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கோவை வேண்டாம், ஊட்டிக்கே மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். 30 கிலோமீட்டர்தான், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். மாற்ற வேண்டுமென்றால் டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். எங்களிடம் இருந்ததோ பில்! டிஸ்சார்ஜ் அன்றைய அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பில்லை மட்டும் மடித்து வைத்திருக்கிறோம். அதற்காக ஒரு முறை கோவை போனேன், ஃபைல் வேறு கட்டடத்தில் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை கவுன்சிலர் அம்மாவிடம் முதல் நாளே போனில் சொல்லிவிட்டுப் போனேன், அவரே ஃபைலைத் தேடி எடுத்து, என்ன மாத்திரை எவ்வளவு நாளாக என்று டாக்டரிடம் ஒரு கடிதமும் எழுதி வாங்கி வைத்திருந்தார். அதே கட்டடம், அதே கவுன்டர். ஒரு ஆள் மனது வைத்தால் பத்து நிமிட வேலை. மூன்று ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை அண்ணி பீரோவில் வைத்துவிட்டார்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அந்தக் கடிதத்தை முழுதாகப் படித்தார்கள், எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது. டாக்டர் அண்ணனைப் பார்த்து, "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அதுவரை எல்லோரும் கேட்டது "குடிக்கிறீங்களா இல்லையா" என்ற ஒரே கேள்விதான்.

இரண்டு விசிட்டுக்கு நடுவில் ஆசை வந்தால் என்ன செய்வது? அண்ணன் 14416க்கு, அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போடுகிறார். இலவசம், ராத்திரியிலும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம். இலைக் காசு கைக்கு வரும் நாள்தான் அவருக்கு மோசமான நாள், அன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்தே பேசியிருக்கிறார். குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்திலும் போனில் சேர்ந்துகொள்கிறார். வீட்டில் சிக்னல் கிடையாது, தேயிலைக்கு நடுவில் இருக்கும் பாறை மேல் ஏறி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து கேட்பார். 1935ல் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் தொடங்கியது அது என்று எனக்கே அவர்தான் சொன்னார். குடும்பத்தாருக்கென்று அல்‑அனான் தனியாக இருக்கிறது, அண்ணியை இன்னும் சம்மதிக்கவைக்க முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை முதல் முறையாக என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக ஊட்டி போனார். காலையிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ, அடுத்த தேதி எழுதிய ஓபி நோட்டு. லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்டை வாங்க மறந்துவிட்டார். அதற்குத் திங்கட்கிழமை நான் போகவேண்டும்.