அரசியல் யாப்பு ஆவணங்களில் மலையக மக்களைத் தேடி

இலங்கையின் அரசியல் யாப்பு வரலாற்றுக்குப் பாடநூல் தரும் வரிசை எல்லோருக்கும் பழகியது: 1833 கோல்புறூக் சீர்திருத்தம், 1912 குறூ மக்கலம், 1920 மற்றும் 1924 மனிங், 1931 டொனமூர், 1947 சோல்பரி, பின்னர் 1972, 1978 குடியரசு யாப்புகள். ஹற்றனில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிப்பவன் என்ற முறையில், பரீட்சைக்கு இந்த வரிசை போதும் என்று நான் சொல்வேன். ஆனால் இந்த மலைகளில் தேயிலையோடு வாழும் மக்கள் நாட்டின் யாப்புக்குள் எப்போது சேர்க்கப்பட்டார்கள், எந்த ஏட்டின் மூலம் வெளியே தள்ளப்பட்டார்கள் என்று கேட்டால், அந்த வரிசை பாதி விடையைக்கூடத் தருவதில்லை. விடையின் பெரும்பகுதி சாதாரணச் சட்டங்களிலும், ஒரு நீதிமன்றத் தீர்ப்பிலும், இரண்டு பிரதமர்கள் கைச்சாத்திட்ட ஓர் ஒப்பந்தத்திலும் கிடக்கிறது. அவற்றையும் யாப்பு ஆவணங்களாகவே வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

வரிசையை 1833 இலிருந்து தொடங்குவதிலேயே மலைநாட்டுக்கு ஓர் இழப்பு உண்டு. 1815 மார்ச் 2 ஆம் திகதி கண்டி அரச மண்டபத்தில் பிரித்தானியருக்கும் கண்டிப் பிரதானிகளுக்கும் இடையே செய்யப்பட்ட உடன்படிக்கையே இந்த மலைகளை முழுத் தீவின் ஆட்சியோடு இணைத்த முதல் ஏடு. அதன் ஐந்தாம் வாசகம் பௌத்த மதத்தைப் பாதுகாப்பதாக உறுதியளித்தது என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். மூன்றாம் வாசகத்தை அநேகமாக எவரும் வாசிப்பதில்லை. பதவி நீக்கப்பட்ட மன்னன் சிறீ விக்கிரமராஜசிங்கனின் உறவினர் அனைவரையும் அது கண்டி மாகாணங்களின் எதிரிகள் என்று அறிவித்தது. அங்கிருந்து ஏற்கெனவே வெளியேற்றப்பட்ட, 'மலபார்' என்று ஆங்கிலேயர் குறித்த ஆண்கள் அனுமதியின்றித் திரும்பி வருவதையும் தடை செய்தது. பத்தாண்டு செல்வதற்குள் அதே ஆட்சியின் கீழ் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் தொடங்கியது. அதைத் தொடர்ந்து தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் இதே மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இந்த மலைகளுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை ஒரு கடதாசி தீர்மானித்த வரலாறு ஆக 1815 இலேயே ஆரம்பமாகிவிட்டது.

இடைப்பட்ட சீர்திருத்தங்களை விரைவாகக் கடந்து விடலாம். சொத்தும் ஆங்கிலக் கல்வியும் உள்ள சிலருக்கு மட்டும் வாக்குரிமை தந்த அந்தச் சட்டநிரூபண சபைகளில், தோட்டத்தின் வரிசை வீடான லயத்தில் வாழ்ந்த மனிதனுக்கு இடமிருக்கவில்லை. 1924 சீர்திருத்தத்தில் இந்தியர்களுக்கென இரண்டு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன என்பது மட்டும் குறிப்பிடத்தக்கது.

டொனமூர் ஆணைக்குழு 1927 இல் வந்தது. 1928 இல் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையைப் பற்றி நான் நன்றியோடுதான் பேசுவேன். பிரித்தானியாவிலேயே ஆண்களுக்குச் சமமாகப் பெண்கள் வாக்குப் பெற்றது அதே 1928 இல்தான். அக்காலத்தில் ஒரு குடியேற்ற நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்வதற்குத் துணிவு வேண்டும். தோட்டத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை, ஐந்தாண்டு வதிவு இருந்தால் வாக்குரிமை என்பதே ஆணைக்குழுவின் கருத்து. அதற்கு எழுந்த எதிர்ப்பு கடுமையானது. தோட்டத்தார் எல்லோரும் வாக்காளராகிவிட்டால் மலைநாட்டுத் தொகுதிகள் தங்கள் கையை விட்டுப் போய்விடும் என்று சிங்களத் தலைவர்கள் பலர் அஞ்சினார்கள். இறுதியில் 1931 கட்டளை வந்தபோது, இலங்கையைப் பிறப்பகமாகவோ விரும்பித் தெரிந்த வாழிடமாகவோ காட்டக்கூடியவர், எழுத்தறிவும் சொத்தும் உடையவர், அல்லது ஐந்தாண்டு வதிவைக் காட்டி நிரந்தரக் குடியமர்வுச் சான்றிதழ் பெற்றவர் என்று வாசல் ஒடுக்கப்பட்டது. சட்டநிரூபண சபை டொனமூர் திட்டத்தை ஏற்றுக்கொண்டதே 19 க்கு 17 என்ற வாக்குகளில்தான்.

ஒடுங்கிய வாசல் என்றாலும் அது திறந்துதான் இருந்தது. டொனமூர் யாப்பின் சட்டமன்றமான அரசாங்க சபைக்கு 1931 இல் ஹற்றனிலிருந்து பெரி சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் சென்றார்கள். பெரி சுந்தரம் தொழில், கைத்தொழில், வணிக அமைச்சராகவும் ஆனார். 1936 இல் ஹற்றன் மக்கள் கோ. நடேசய்யரைத் தெரிவு செய்தார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், தொழிலாளரை மேய்க்கும் கங்காணி முன் கைகட்டி நின்ற மக்கள், தங்கள் சம்பளத்தைப் பற்றியும் தங்கள் கடனைப் பற்றியும் சபையில் பேச ஓர் ஆளை அனுப்பிவைத்த காலம் அது. அந்தப் பதினாறு ஆண்டுகளை மாணவர்களுக்கு விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பின்னால் பறிக்கப்பட்டது எது என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரியும்.

சோல்பரி ஆணைக்குழு 1944 டிசம்பரில் இங்கு வந்து, மறு ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அதன் வழி பிறந்த 1946 யாப்புக் கட்டளையின் 29 ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை ஒவ்வொரு மலையகத் தமிழரும் ஒரு தடவையேனும் வாசிக்க வேண்டும். எந்தவொரு சமயத்தின் சுதந்திரமான அனுட்டானத்தையும் சட்டம் தடுக்கலாகாது. வேறு சமூகத்தவருக்கோ சமயத்தவருக்கோ இல்லாத ஓர் இயலாமையை ஒரு சமூகத்தின் மீது சுமத்தலாகாது. வேறெவருக்கும் இல்லாத சலுகையை ஒரு சமூகத்துக்கு வழங்கலாகாது. அதை மீறும் சட்டம், மீறும் அளவுக்குச் செல்லாது என்று அடுத்த உட்பிரிவு உறுதியாகச் சொன்னது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத் தொகுதிகளில் வெற்றி பெற்றபோது, நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் சென்றபோது, அந்தப் பிரிவு தங்களைக் காக்கும் என்று நம்ப அவர்களுக்கு முழு நியாயமும் இருந்தது.

நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டின் நவம்பரில் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் தமிழர் என்ற சொல்லும் இல்லை, தோட்டம் என்ற சொல்லும் இல்லை. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும் என்று மட்டுமே அது கேட்டது. கேட்பதற்கு எல்லோருக்கும் பொதுவான நிபந்தனை. ஆனால் பாட்டனின் பிறப்பை ஒழுங்காகப் பதியாத தோட்டத்தில், தகப்பன் பிறந்ததற்குச் செக்ரோல் என்ற தோட்டத்து வேலைப் பதிவுப் புத்தகத்தைத் தவிர வேறு எழுத்துச் சாட்சி இல்லாத லயத்தில், அந்த நிபந்தனையை நிறைவேற்ற எத்தனை பேரால் முடியும்? 1946 குடிசனமதிப்பு இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் 780,589 பேர், நாட்டின் சனத்தொகையில் சுமார் 11.7 சதவீதம். அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் ஒரே சட்டத்தால் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த ஆண்டில் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரஜை அல்லாதவரின் வாக்கையும் நீக்கியது. இடதுசாரிகளும் எஸ். ஜே. வி. செல்வநாயகமும் பாராளுமன்றத்தில் எதிர்த்ததை நாம் மறக்கக்கூடாது.

1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானியர் வதிவோர் சட்டம் பதிவின் மூலம் பிரஜையாக ஒரு வழி தந்தது. மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு தொடர்ச்சியான வதிவு, இடையில் ஒரு தடவைக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளிநாடு சென்றிராமை, மனைவி பிள்ளைகளின் வதிவு, போதிய வருமானம் என அனைத்துக்கும் அத்தாட்சி வேண்டும். விண்ணப்பிக்க இரண்டே ஆண்டுகள். எங்கள் வீட்டில் என் தாத்தாவின் பதிவுப் பத்திரத்தை இன்றும் வைத்திருக்கிறோம். மடிப்புகளில் கிழிந்து ஒட்டப்பட்ட அந்தத் தாளோடு, தோட்டத்துக் கிளாக்கர் கையெழுத்திட்ட வேலைத் துண்டுகள், ஊருக்குப் போய்வந்த கப்பல் சீட்டின் பாதி, பெரியப்பாவின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே நூலால் கட்டப்பட்டிருக்கின்றன. கப்பல் சீட்டை எதற்குப் பாதுகாத்தார் என்று சிறுவயதில் எனக்கு விளங்கவில்லை. பன்னிரண்டு மாதத்துக்குள் திரும்பிவிட்டார் என்பதற்கு அதுவே சாட்சி என்பதைச் சட்டத்தை வாசித்த பிறகே உணர்ந்தேன். அந்தக் கட்டு கிடைக்காதவர்களின் விண்ணப்பங்கள் என்னவாகின என்பதற்குக் கணக்கு உண்டு: எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களை உள்ளடக்கிய சுமார் 237,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன, பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு.

29 ஆம் பிரிவு எங்கே போயிற்று? இதற்கு விடை சொல்லும் ஏடுதான் கோடக்கன் பிள்ளை வழக்கின் தீர்ப்பு. கேகாலை மாவட்டத்தின் றுவன்வெல்ல தொகுதித் தேருநர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கக் கோரியவர் அவர். மீளாய்வு அதிகாரியான என். சிவஞானசுந்தரம் இந்தச் சட்டங்கள் 29 ஆம் பிரிவுக்கு முரணானவை, ஆகவே செல்லாதவை என்று துணிந்து தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. வழக்கு அக்காலத்தில் இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குப் போய், 1953 இல் அங்கும் தோற்றது. பிரஜை யார் என்று வரையறுப்பது எந்த நாட்டுக்கும் உரிய இயல்பான அதிகாரம். இந்தியத் தமிழரின் புலம்பெயரும் பழக்கம் அவர்கள் பிரஜைகளாகத் தகுந்தவர்களா என்பதோடு தொடர்புடையது. ஒரு சமூகமாக அவர்களை இந்தச் சட்டங்கள் பாதிக்கவில்லை. இவ்வாறு சென்றது அந்த நியாயம். மூன்று தலைமுறையாக ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்களைப் பற்றி இப்படி எழுதப்பட்டதை வாசிக்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பதினோராண்டு கழித்து, 1964 மே மாதத்தில், இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்ற வழக்கில் அதே பிரிவிக் கவுன்சில் 29 ஆம் பிரிவின் காப்பை இலங்கைப் பிரஜைகளுக்கிடையிலான உரிமைகளின் புனிதமான சமநிலை என்று வர்ணித்தது. பிரஜைகளுக்கிடையிலானது என்பதைக் கவனிக்க வேண்டும். எங்கள் தாத்தாக்களுள் பெரும்பாலானோர் அந்த நேரத்தில் அந்த வட்டத்துக்குள் இல்லை.

அந்த ஆண்டே ஒக்டோபர் 30 ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேர் என்று மதிப்பிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்றும், மீதி 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பது என்றும் இரு அரசுகளும் பங்கிட்டுக்கொண்டன. 1974 இல் அந்த மீதியும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. பங்கிடப்பட்ட மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. தலைமன்னார்க் கப்பல் 1984 இல் நிற்கும் வரை குடும்பங்கள் பிரிந்துகொண்டே இருந்தன.

1972 மே 22 ஆம் திகதி பிரகடனமான குடியரசு யாப்பு 29 ஆம் பிரிவை முற்றாகக் கைவிட்டது. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த இடதுசாரிகளுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வாவே அந்த யாப்பை ஆக்கிய அமைச்சர் என்பது எனக்கு ஆறாத வருத்தம். அதில் சேர்க்கப்பட்ட அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை பிரஜைகளுக்கே உரியவை.

1978 யாப்பில் மலையகத்துக்கு இரண்டு ஏற்பாடுகள் முக்கியமானவை. 14 ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தி, வேறெந்த நாட்டின் பிரஜையும் அல்லாது இலங்கையில் சட்டப்படி நிரந்தரமாக வதிபவர்களுக்குப் பேச்சு, ஒன்றுகூடல் முதலிய உரிமைகளைப் பத்தாண்டு காலத்துக்கு வழங்கியது. 26 ஆம் உறுப்புரை வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற வேறுபாட்டை நீக்கியது. பத்தாண்டு தவணை முடிந்த 1988 இலேயே 39 ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர் பலருக்குப் பிரஜாவுரிமை தந்தது. எஞ்சியவர்களுக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வதிந்தவர், அவர்தம் வழித்தோன்றல்கள் என்ற எளிய அளவுகோலை வைத்தது. பாட்டன், பூட்டன் பிறப்பைக் கேட்காத அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பாராட்டுக்குரியவர்கள்.

மொழியிலும் உள்ளூராட்சியிலும் கணக்கு இன்னும் முடியவில்லை. மொழி பற்றிய 16 ஆம் யாப்புத் திருத்தத்துக்குப் பிறகு நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999 இல் இருமொழி நிருவாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. ஆயினும் தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் பெறும் பெற்றோரை நான் இன்றும் காண்கிறேன். 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்து, 2018 இல்தான் திருத்தப்பட்டது. வாக்களித்துத் தெரிந்த சபை நம் லயத்துப் பாதைக்குக் கல் போட முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

பிரஜை யார் என்பதை இன்றும் தீர்மானிப்பது திருத்தங்களோடு நிற்கும் அதே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டமே. யாப்பு அதைச் சுட்டிக்காட்டுகிறதே தவிரத் தன்னுள் எழுதிக்கொள்ளவில்லை. சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேறிய ஒரு சட்டம் ஒரு சமூகத்தையே வெளியேற்ற முடிந்ததற்கு அந்த இடைவெளியே காரணம். 2016 இல் புதிய யாப்புக்காக மக்கள் கருத்தறியும் குழு மாவட்டந்தோறும் வந்தபோது பலர் காணி, வீடு பற்றிப் பேசினார்கள். அவை நியாயமான கோரிக்கைகள். அடுத்த யாப்பு வரைவுக்கு மகஜர் எழுதும் தொழிற்சங்கங்களும் ஆசிரியர் அமைப்புகளும் அவற்றுக்கு முன்னால் இன்னொரு கோரிக்கையை வைக்க வேண்டும்: பிரஜாவுரிமையை வழங்கும் நிபந்தனைகள் யாப்பின் உறுப்புரைகளாகவே எழுதப்பட்டு, மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் மக்கள் தீர்ப்பும் இன்றி மாற்ற முடியாதவை ஆக்கப்பட வேண்டும்.