ஆயிரம் மணி நேரக் கணக்கு: லண்டனில் பகுதி நேர ஆஸ்டியோபதி

ஒருவழியாக ஆஸ்டியோபதிப் படிப்பை (எலும்பு, மூட்டு, தசைக் கோளாறுகளுக்குக் கையால் செய்யும் சிகிச்சை) முடித்து, தொழில் செய்வதற்கான பதிவு எண்ணும் கைக்கு வந்துவிட்டது. வார இறுதி வகுப்புகள், உடற்கூறியல், பயோமெக்கானிக்ஸ் எல்லாம் பிசியோதெரபி படித்துவிட்டு வருகிறவர்களுக்குப் பெரிய பாடு இல்லை. உயிரை எடுத்தது கிளினிக் நேரமும் காகிதமும்தான். எழுதுவதும் அவற்றைப் பற்றித்தான்.

முதலில் பள்ளிகளின் விளம்பரம். "உலக சுகாதார நிறுவனத் தரத்தில்" என்ற வரியைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த நிறுவனம் எந்தப் பள்ளிக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. 2010ல் ஓர் அளவுகோல் வெளியிட்டது, அவ்வளவுதான். மருத்துவப் பின்னணி இல்லாதவருக்கு 4200 மணி நேரம்; அதில் குறைந்தது 1000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளி பார்த்திருக்க வேண்டும். ஏற்கெனவே மருத்துவத் துறையில் இருப்பவருக்குப் பொதுவாக 1000 மணி நேரக் குறுக்குவழி, முன்படிப்பைப் பொறுத்துக் கூடும் குறையும். 2015ல் வந்த ஐரோப்பியத் தரம் இ.என். 16686 முழுப் படிப்புக்கு 4800 கேட்கிறது. இந்த எண்களைச் சொல்லித்தான் பள்ளிகள் ஆள் சேர்க்கின்றன. பிரிட்டனில் தொழில் செய்ய இவை போதாது. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் 'ஆஸ்டியோபாத்' என்று பலகை மாட்டினால் குற்றம். சேரப்போகும் படிப்பு கவுன்சிலின் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். ஜெர்மனிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: அங்கே பகுதி நேரப் படிப்பை முடித்த பிசியோதெரபிஸ்டும் சொந்தமாக நோயாளி பார்க்க ஹைல்பிராக்டிக்கர் (மருத்துவர் அல்லாத சிகிச்சையாளர்) உரிமம் வாங்க வேண்டும். அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) என்று போட்டுக்கொள்பவர் முழு மருத்துவர். இங்கே வாங்கிய பட்டத்தை வைத்து அங்கே அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது.

அடுத்தது முன்படிப்பு விலக்கு, அதாவது ஏற்கெனவே படித்த பாடங்களை மறுபடி படிக்காமல் கழித்துக்கொள்வது. நம் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) மார்க் ஷீட்டில் மதிப்பெண் மட்டும்தான் இருக்கும். இங்கே பள்ளியில் கேட்பது, ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி எத்தனை மணி நேரம், செய்முறை எத்தனை மணி நேரம் என்ற கணக்கு. அதற்கு நீங்கள் படித்த வருடத்துச் சிலபஸ், ஒவ்வொரு பக்கத்திலும் கல்லூரி முத்திரையோடு வேண்டும். என் விஷயத்தில், "பழைய ரெகுலேஷன் எங்ககிட்ட இல்ல, இப்ப இருக்கிறதத் தரவா?" என்று கேட்டு, புதுச் சிலபஸில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார் அலுவலகத்தில் இருந்தவர். பாடக் குறியீடு மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகவில்லை, இங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி ஊரில் ஒருவரை, கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு, அனுப்ப வேண்டியதாயிற்று. ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: விலக்கு தியரிக்குத்தான் கிடைத்தது. பிசியோவாகப் பார்த்த நோயாளிகளை ஆஸ்டியோபதிக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இப்போது மேற்பார்வையில் நோயாளி பார்க்கும் அந்த 1000 மணி நேரம். வாரத்தில் ஒரு நாள், 7 மணி நேரம், வருடத்துக்கு 30 வாரம் என்றால் 210தான். அந்த வேகத்தில் கிட்டத்தட்ட ஐந்து வருடம் இழுக்கும். கோடை விடுமுறையிலும் கிளினிக் திறந்திருக்கிறதா, சனிக்கிழமை உண்டா என்று சேரும்போதே கேளுங்கள். "பகுதி நேரம்" என்று போட்டிருந்தாலும் கிளினிக் பெரும்பாலும் வேலை நாளில்தான். வேலையில் வாரம் ஒரு நாள் விடுப்பு எழுத்தில் வாங்காமல் இதில் இறங்க வேண்டாம்.

நேரம் சேர்ந்தாலும் போதாது, குறைந்தது 50 புது நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கு தனி. எனக்கு ஒதுக்கிய வெள்ளி மதியத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள். மணி நேரம் ஏறியது, புது ஆள் எண்ணிக்கை அசையவே இல்லை. வரவேற்பில் இருப்பவரிடம் பேசி, புது ஆள் பதிவாகும் நேரங்களுக்கு மாற்றிக்கொண்ட பிறகே நகர்ந்தது. கிளினிக் பதிவேட்டில் தேதி, நோயாளிக் குறியீடு, புதிதா தொடர்ச்சியா, நீங்கள் பார்த்தீர்களா கூட நின்றீர்களா, ட்யூட்டர் கையெழுத்து என்று வரிசையாகக் கட்டங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த நாளே செல்லாது. ட்யூட்டர் வேலையை விட்டுப் போய்விட்டால் கையெழுத்துக்கு அலைய வேண்டும். என்னுடைய ஆறு நாள் அப்படித்தான் போனது.

ஊரில் ஆஸ்டியோபதி என்றால் நெட்டி எடுப்பது என்றுதான் நினைக்கிறார்கள். கடைசி கிளினிக்கல் தேர்வில் ஆட்கள் கவிழ்வது நெட்டியில் இல்லை, கேள்வியில். முதுகுவலிக்காரரிடம் சிறுநீர் கழிப்பதில் சிரமம் உண்டா, தொடை இடுக்கில் மரத்துப்போகிறதா என்று கேட்காமல் விட்டால் அத்தோடு சரி. தண்டுவட வால் நரம்புகள் நசுங்கியிருந்தால் அது அவசரம், மேசையில் படுக்கவைக்கும் கேஸே இல்லை. நீண்ட நாள் ஸ்டீராய்டு, எலும்பு பலவீனம் இருந்தால் சட்டென்று அழுத்தும் முறை கூடாது. நான் பரிசோதிக்கும் முன்பே இவற்றை வாய்விட்டுக் கேட்டு, பதிலை அப்படியே எழுதினேன். தேர்வாளர் பார்ப்பது எழுதிய தாளை.

பதிவு விண்ணப்பமும் காப்பீடும் பிறகு சுலபமாக முடிந்தன. பதிவான பின்னும் மூன்று வருடத்துக்கு 90 மணி நேரத் தொடர்கல்வி உண்டு, அதில் 45 மற்றவர்களோடு சேர்ந்து செய்தது. கையெழுத்தான ஒவ்வொரு பக்கத்தையும் அன்று மாலையே போனில் படம் எடுக்கும் பழக்கம் அதற்கும் தொடர்கிறது.