ஷட்டருக்கு ஆகும் நேரம் எவ்வளவு?

"படம் எடுப்பதா, காப்பாற்றுவதா?" என்று செய்திப் புகைப்படக்காரர்களைக் கேட்பவர்கள் ஒரு கணக்கை விட்டுவிடுகிறார்கள். 1/500 நொடியில் ஒரு ஃபிரேம் பதிவாகிவிடும். ஐந்தாறு எடுத்தாலும் ஒரு நொடிதான். நேரத்தைத் தின்பது ஷட்டர் அல்ல. இன்னும் நல்ல கோணம் தேடுவது, லென்ஸ் மாற்றுவது, எடுத்ததைத் திரையில் பார்த்துக்கொண்டு நிற்பது. பழி வருவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

முதலில் பார்க்க வேண்டியது, நம்மைவிட விவரம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதை. மருத்துவக் குழு வேலையில் இருந்தால் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி ஒதுங்கி நிற்பதுதான். ஃபிளாஷ் வேண்டாம், ஸ்ட்ரெச்சர் வரும் வழியை மறிக்க வேண்டாம், நீண்ட லென்ஸ் போதும். யாருமே இல்லையென்றால் கேமரா முதுகுப்பக்கம் போக வேண்டும். கழுத்தில் முன்பக்கம் தொங்கவிட்டபடி குனிந்தால் அது அடிபட்டவர் முகத்திலேயே இடிக்கும்.

ரத்தம் கொட்டினால் துணியை வைத்து இரு கைகளாலும் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கை, காலில் பீறிட்டு நிற்காவிட்டால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, டூர்னிகே (ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டி நேரத்தை எழுதிவைக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டை வைத்துச் சமாளிப்பது பெரும்பாலும் தோற்கும், போதிய அளவு இறுகாது. பெரியவர் ஒருவர் மூச்சின்றிக் கிடந்தால் நடுமார்பில் 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். டூர்னிகே பேட்டரிகளுக்கு அடியில் புதைந்திருந்தால் பயனில்லை, பையின் வெளிப்பக்கத்தில் இருக்கட்டும். தண்ணீரில் தத்தளிப்பவரை நோக்கிக் குதிக்க வேண்டாம். கயிறோ மிதக்கும் பொருளோ வீசுங்கள். இல்லையென்றால் மீட்க வேண்டியவர் இருவராகிவிடுவார்கள்.

கையால் ஒன்றும் ஆகாத இடமும் உண்டு. 1985 நவம்பரில் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தபின், ஆர்மெரோவில் 13 வயது ஓமைரா சான்செஸ் இடிபாட்டில் கால்கள் சிக்கி, கழுத்தளவு நீரில் இருந்தாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். தண்ணீரை வெளியேற்றத் தக்க பம்ப் இல்லை. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் பிராங்க் ஃபோர்னியே போய்ச் சேர்ந்த சுமார் மூன்று மணி நேரத்தில் அவள் இறந்தாள். அவரைப் பிணந்தின்னி என்று திட்டியவர்கள் உண்டு. அவர் எடுத்தது சரி என்றே நினைக்கிறேன்: மீட்பு ஏற்பாடு எவ்வளவு மோசம் என்பதை உலகம் அந்தப் படத்தில்தான் பார்த்தது.

1993இல் சூடானில் புகைப்படக்காரர் கெவின் கார்ட்டர் எடுத்த, பசியால் சுருண்ட குழந்தையின் பின்னே கழுகு நிற்கும் படத்தின் சிக்கல் வேறு. குழந்தை என்ன ஆனது என்று வாசகர்கள் கேட்டு எழுதிய பிறகுதான் நியூயார்க் டைம்ஸ் குறிப்பு வெளியிட்டது: கழுகு விரட்டப்பட்டபின் குழந்தை மீண்டும் நடந்தது, உணவு மையத்தை அடைந்ததா தெரியவில்லை. இந்த இரண்டு வரியும் முதல் நாளே படத்தின் கீழே இருந்திருக்க வேண்டும்.

நிகழ்வை வேண்டுமென்றே மாற்றாதே என்று அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் சங்க நெறிமுறை சொல்கிறது. புதியவர்கள் சிலர் இதை உதவத் தடை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஜோடித்துப் படம் எடுக்காதே என்பதுதான் அதன் உயிர். உதவிய பிறகு எடுத்த படமென்றால் படக்குறிப்பில் அப்படியே எழுதுங்கள்: "புகைப்படக்காரர் முதலுதவி செய்தபின் எடுத்தது." எடிட்டர் அந்த வரியை வெட்டச் சொன்னால், படத்தையும் சேர்த்தே வெட்டச் சொல்லலாம்.