நல்ல மெயில் தொலையாமல் ஸ்பாமை வடிகட்டுவது: ஆர்ஸ்பாம்டி நிறுவிய அனுபவம்

மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், அதை ஃபோல்டர்களில் வைத்துக் காட்டும் டவ்காட்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய அலுவலக மெயில் சர்வரில், ஸ்பாமை வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி என்ற மென்பொருளைச் சேர்த்து, அதை நம்பி விடக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறோம். நிறுவுவது பெரிய வேலை இல்லை. கொட்டேஷன் கேட்டு வந்த மெயில் ஏன் ஸ்பாம் ஃபோல்டருக்குப் போனது, லாட்டரி மெயில் ஏன் இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்தது என்று காரணம் கண்டுபிடிப்பதில்தான் உழைப்பு முழுவதும் போகிறது. அந்தக் காரணங்கள் பெரும்பாலும் வடிகட்டும் விதிகளில் இருப்பதில்லை. பெயரைக் கொடுத்து முகவரி கேட்கும் டிஎன்எஸ்ஸில் இருக்கும், கற்பித்த விதத்தில் இருக்கும், கான்ஃபிக் ஃபைலை எழுதிய விதத்தில் இருக்கும். அதனால் ஒவ்வொரு மெயிலுக்கும் ஆர்ஸ்பாம்டி போடும் ஸ்பாம் மதிப்பெண் கணக்கைப் படித்துப் பார்க்காமல் எந்த எண்ணையும் மாற்றுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

இன்னொரு முடிவும் உண்டு. பத்து ஸ்பாம் உள்ளே வந்தால் அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஒரு டெண்டர் கடிதம் சத்தமில்லாமல் தொலைந்தால் அதை ஈடுகட்ட முடியாது. ஆகவே எந்த மெயிலையும் யாருக்கும் தெரியாமல் குப்பையில் போடும் அமைப்பு வேண்டவே வேண்டாம். ஒன்று, ஸ்பாம் ஃபோல்டரில் போய்ச் சேரட்டும். இல்லையென்றால் வாசலிலேயே மறுக்கப்படட்டும். வாசலில் மறுத்தால் அனுப்பியவருக்கு அவருடைய சர்வர் தகவல் சொல்லிவிடும். உண்மையான ஆள் என்றால் ஃபோன் எடுத்துக் கேட்பார்.

நிறுவுதல்

டெபியன் சர்வர்தான். ஆர்ஸ்பாம்டி திட்டமே நடத்தும் ரெப்பாசிட்டரியிலிருந்து பேக்கேஜை எடுத்தோம். கூடவே தரவைச் சேமிக்கும் ரெடிஸ், டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடும் அன்பவுண்ட் இரண்டும் வேண்டும். ரெடிஸ் இல்லாமல் கற்றலும் இல்லை, கிரேலிஸ்டிங்கும் (சந்தேக மெயிலை முதல் முறை தற்காலிகமாக மறுப்பது) இல்லை. அன்பவுண்ட் எதற்கு என்று கீழே சொல்கிறோம். அதை விட்டுவிட்டு அமைத்தால் பாதி வடிகட்டிதான் கிடைக்கும்.

போஸ்ட்ஃபிக்ஸில் மில்டர் (மெயிலைச் சோதிக்கக் கொடுக்கும் வெளி வடிகட்டி) முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் 11332 போர்ட்டைக் கொடுக்க வேண்டும். ஆர்ஸ்பாம்டி பக்கம் மெயிலை வாங்கும் ப்ராக்ஸி வொர்க்கரில் செல்ஃப் ஸ்கேனை (அதுவே சோதிப்பதை) இயக்கிவிட்டால், சிறிய சர்வருக்குத் தனி ஸ்கேன் வொர்க்கர் தேவையில்லை, அதை நிறுத்திவிடலாம். 11334 போர்ட்டில் இருக்கும் வெப் பக்கத்தை வெளியுலகுக்குத் திறக்காமல் எஸ்எஸ்ஹெச் டனல் வழியாக மட்டும் பார்ப்பது நல்லது.

மில்டர் கிடைக்காதபோது போஸ்ட்ஃபிக்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. வலையில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலும் அதை 'அக்செப்ட்' என்று வைக்கச் சொல்வார்கள். அப்படி வைத்தால் ஆர்ஸ்பாம்டி விழுந்து கிடக்கும் நேரத்தில் எல்லா ஸ்பாமும் தடையின்றி உள்ளே வரும், வடிகட்டி விழுந்ததே உங்களுக்குத் தெரியாது. இயல்பாக இருப்பது 'டெம்ப்ஃபெய்ல்', அதாவது தற்காலிக மறுப்பு. அதில் அனுப்பும் சர்வர் மெயிலைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் சர்வர் என்றால் இயல்பாக 5 நாள் வரை முயலும். கவனித்துச் சரிசெய்ய ஆள் இருக்கும் இடத்தில் டெம்ப்ஃபெய்ல்தான் சரி. நாங்கள் அதை மாற்றவில்லை.

கான்ஃபிக் ஃபைலில் நடக்கும் ஏமாற்று

ஆர்ஸ்பாம்டியின் மூல ஃபைல்களைத் தொடக்கூடாது. அடுத்த அப்டேட்டில் அவை மாறும். நம் மாற்றங்கள் 'லோக்கல்.டி' ஃபோல்டரில் போக வேண்டும். அங்கே எழுதுவது மூல அமைப்போடு கலக்கும். 'ஓவர்ரைடு.டி'யில் எழுதுவது மூல அமைப்பை அடித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். பெரும்பாலும் முன்னதே போதும்.

இதில் பலரைச் சுற்ற வைக்கும் ஒரு விஷயம் உண்டு. லோக்கல்.டியில், எத்தனை மதிப்பெண்ணில் என்ன செய்வது என்று சொல்லும் 'ஆக்‌ஷன்ஸ்' ஃபைலைத் திறந்து, அதற்குள் மறுபடியும் 'ஆக்‌ஷன்ஸ்' என்று தலைப்புப் போட்டு, நெளிவு அடைப்புக்குறிக்குள் எண்களை எழுதுவார்கள். அந்த ஃபைல் ஏற்கெனவே ஆக்‌ஷன்ஸ் பகுதிக்குள்தான் சேர்க்கப்படுகிறது. ஆகவே உள்ளுக்குள் இன்னொரு பகுதி உருவாகி, எழுதிய எண் எதுவும் செல்லுபடி ஆகாது. கான்ஃபிக்டெஸ்ட் கட்டளை இதற்கும் 'சின்டாக்ஸ் ஓகே' என்றே சொல்லும், ஏனென்றால் எழுத்து முறையில் தவறில்லை. அதனால் எந்த மாற்றம் செய்தாலும் கான்ஃபிக்டெஸ்ட்டோடு நிறுத்தாமல், கான்ஃபிக்டம்ப் கட்டளையில் அந்தப் பகுதியின் பெயரைக் கொடுத்து, ஆர்ஸ்பாம்டி உண்மையில் எந்த எண்ணைப் பிடித்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு பழக்கம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

இயல்பான எல்லைகள் இவை: 4 மதிப்பெண்ணில் கிரேலிஸ்ட், 6-இல் ஸ்பாம் என்று ஹெடர் (மெயிலின் தலைக்குறிப்பு) சேர்த்தல், 15-இல் மறுப்பு. தொடக்கத்தில் மறுப்பு எல்லையை மட்டும் எட்டாத உயரத்தில், 150 என்று வைத்தோம். அந்தக் காலத்தில் எதுவும் மறுக்கப்படாது. எல்லாம் ஸ்பாம் ஃபோல்டருக்கே போகும். 15-ஐத் தாண்டியவற்றில் ஒரு நல்ல மெயிலும் இல்லை என்று வெப் பக்கத்தின் ஹிஸ்டரியைப் பார்த்து உறுதியான பிறகே எல்லையைப் பழையபடி 15-க்கு இறக்கினோம்.

ஹெடர் சேர்ப்பதோடு ஆர்ஸ்பாம்டியின் வேலை முடிந்தது. 'எக்ஸ்-ஸ்பாம்: யெஸ்' என்ற ஹெடரைப் பார்த்து மெயிலை ஜங்க் ஃபோல்டருக்கு நகர்த்துவது டவ்காட்டின் சீவ் ஸ்கிரிப்ட் (எந்த மெயில் எந்த ஃபோல்டருக்கு என்று சொல்லும் விதி). அதை எழுதாவிட்டால் ஸ்பாம் என்று முத்திரை குத்திய மெயிலும் இன்பாக்ஸிலேயே கிடக்கும். மில்டர் ஹெடர்ஸ் பகுதியில் விரிவான ஹெடர்களையும் இயக்கிவிடுங்கள். எந்த விதி எத்தனை மதிப்பெண் போட்டது என்ற முழுக் கணக்கும் மெயிலோடு கூடவே வந்து சேரும். புகார் வரும்போது அந்த மெயிலின் சோர்ஸைத் திறந்தாலே விடை பாதி தெரிந்துவிடும்.

டிஎன்எஸ்: சத்தமில்லாமல் கெடும் இடம்

எல்லாம் சரியாக ஓடுகிறது, பிழைச் செய்தி ஒன்றும் இல்லை, ஆனால் அப்பட்டமான ஸ்பாம் 2 அல்லது 3 மதிப்பெண்ணோடு உள்ளே வருகிறது. இந்த நிலையைப் பார்த்தால் நாங்கள் முதலில் தேடுவது டிஎன்எஸ்ஸைத்தான்.

அனுப்பும் ஐபி கெட்ட பெயர் எடுத்ததா, மெயிலுக்குள் இருக்கும் இணைப்பு மோசடிப் பட்டியலில் உள்ளதா என்பதையெல்லாம் ஆர்ஸ்பாம்டி டிஎன்எஸ் வழியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஸ்பாம்ஹாஸ், யூஆர்ஐபிஎல் போன்ற பட்டியல்கள் இலவசப் பயன்பாட்டுக்கு அளவு வைத்திருக்கின்றன. கேட்பவர் யார் என்று அவற்றுக்குத் தெரிய வேண்டும். சர்வரின் ரிசால்வராக (டிஎன்எஸ் விடை தேடித் தருவது) 8.8.8.8 அல்லது 1.1.1.1 போன்ற பொது ரிசால்வர் இருந்தால், உலகத்தின் கேள்விகளோடு உங்கள் கேள்வியும் கலந்து போகும். பட்டியல் பதில் தராது. ஆர்ஸ்பாம்டி அதைப் புரிந்துகொண்டு 'பிளாக்ட் ஓப்பன்ரிசால்வர்' என்று முடியும் ஒரு குறியீட்டை மெயில் கணக்கில் போடும். அதன் மதிப்பெண் 0. அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை.

சோதிக்க எளிய வழி: சர்வரிலிருந்தே டிக் கட்டளையில் 2.0.0.127 என்ற எண்ணோடு ஸ்பாம்ஹாஸின் ஸென் பட்டியல் பெயரைச் சேர்த்துக் கேளுங்கள். 127.0.0.2 என்பது சோதனைக்கென்றே பட்டியலில் வைத்திருக்கும் முகவரி. அதைத் தலைகீழாகக் கேட்கிறோம். 127.0.0.2, 127.0.0.4, 127.0.0.10 என்று விடை வந்தால் வழி திறந்திருக்கிறது. 127.255.255.254 என்று வந்தால் பொது ரிசால்வர் வழியாகப் போகிறீர்கள். 127.255.255.255 என்றால் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள்.

தீர்வு, சர்வரிலேயே அன்பவுண்டை ரிகர்சிவ் ரிசால்வராக, அதாவது இன்னொரு ரிசால்வரிடம் ஒப்படைக்காமல் தானே விடை தேடுவதாக, ஓடவிடுவது. அன்பவுண்டில் ஃபார்வர்டு ஸோன் எதுவும் இருக்கக்கூடாது. அது இருந்தால் கேள்வி மறுபடியும் பொது ரிசால்வருக்கே போகும், அன்பவுண்ட் போட்டும் பயன் இல்லை. அடுத்து, ரிசால்வர் எது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் ஃபைலை 127.0.0.1-க்கு (இதே சர்வர்) மாற்றினால் சில சர்வர்களில் தானாக முகவரி தரும் டிஹெச்சிபி வந்து அதைத் திரும்ப எழுதிவிடும். எனவே ஆர்ஸ்பாம்டியின் ஆப்ஷன்ஸ் ஃபைலிலேயே டிஎன்எஸ் பகுதியைத் திறந்து 127.0.0.1 என்று எழுதிவிடுவது உறுதியான வழி. இந்த ஃபைலில் மட்டும் டிஎன்எஸ் என்ற தலைப்பும் அடைப்புக்குறியும் வேண்டும், ஏனென்றால் அது ஆப்ஷன்ஸுக்குள் ஓர் உட்பகுதி. மேலே சொன்ன ஆக்‌ஷன்ஸ் கதையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதையெல்லாம் செய்த பிறகும் 127.255.255.254 வந்தால், உங்கள் சர்வர் ஐபியின் ரிவர்ஸ் டிஎன்எஸ் பெயரை (ஐபியைக் கொடுத்துக் கேட்டால் வரும் பெயர்) பாருங்கள். வாடகை சர்வர் நிறுவனங்கள் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் வகைப் பெயர் இருந்தாலும் ஸ்பாம்ஹாஸ் இதே விடையைத்தான் தரும். ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் உங்கள் மெயில் சர்வரின் சொந்தப் பெயரை வைக்க வேண்டும். மெயில் அனுப்புவதற்கும் அது எப்படியும் தேவை. அதுவும் முடியாவிட்டால் ஸ்பாம்ஹாஸ் தரும், கேட்பவர் யார் என்று காட்டும் டிக்யூஎஸ் சாவிக்குப் பதிவு செய்துகொள்ளலாம்.

மெயில் சர்வரை டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் முறை) ஓட்டுபவர்களுக்கு இதேபோல் சத்தமில்லாத இன்னொரு கோளாறு உண்டு. வெளியிலிருந்து வரும் எல்லா மெயிலும் 172 என்று தொடங்கும் டாக்கர் உள்முகவரியிலிருந்து வருவதுபோல் போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரிந்தால், ஆர்ஸ்பாம்டி அவற்றை நம் வீட்டு மெயில் என்று எடுத்துக்கொள்ளும். 172.16.0.0/12 அதன் லோக்கல் முகவரிப் பட்டியலில் இயல்பாகவே இருக்கிறது. எஸ்பிஎஃப் (அந்த ஐபி அந்த டொமைனின் பெயரில் அனுப்பலாமா என்ற) சோதனையும் நடக்காது, ஐபி பட்டியல் சோதனையும் நடக்காது. ஹிஸ்டரியில் ஐபி நெடுவரிசையில் ஒரே முகவரி திரும்பத் திரும்ப வந்தால் இதுதான் காரணம். அனுப்புபவரின் உண்மை ஐபி போஸ்ட்ஃபிக்ஸ் வரை வந்து சேரும்படி நெட்வொர்க்கை மாற்ற வேண்டும். வடிகட்டியின் எண்களை ஏற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

கற்பித்தல்

கற்ற மெயில்களை வைத்து ஸ்பாமா என்று கணிக்கும் பேயஸ் பகுதி, ஸ்பாம் 200, நல்ல மெயில் 200 என்று இரண்டு பக்கமும் கற்றால்தான் வாயைத் திறக்கும். 'நூறு ஸ்பாம் காட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை' என்பதற்கு இதுவே பதில். ஆர்ஸ்பாம்சி ஸ்டாட் கட்டளை இரண்டு பக்கத்துக்கும் எத்தனை கற்றது என்று காட்டும். பெரும்பாலும் ஸ்பாம் பக்கம் நிறைந்திருக்கும், நல்ல மெயில் பக்கம் காலியாக இருக்கும், ஏனென்றால் நல்ல மெயிலை யாரும் 'இது நல்லது' என்று சொல்வதில்லை. அலுவலகத்தில் கேட்டு, பழைய கடிதப் போக்குவரத்து இருக்கும் ஃபோல்டர்களிலிருந்து நல்ல மெயில்களை எடுத்துக் கற்பிக்க வேண்டும். தமிழில் எழுதியவை, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தவை, ஜிஎஸ்டி பில் இணைத்தவை எல்லாம் அதில் இருக்கட்டும். ஆர்ஸ்பாம்டி சொற்களைத் தனித்தனியாக மட்டும் பார்ப்பதில்லை, பக்கத்துச் சொற்களோடு இணை இணையாகவும் பார்க்கிறது. உங்கள் அலுவலகம் எழுதும் நடையை உங்கள் மெயில்கள்தான் அதற்குக் காட்ட முடியும். இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மாதிரித் தொகுப்புகளை ஊட்டுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு வரி மெயிலைக் கற்பிக்க முயன்றால் டோக்கன் (கற்க எடுக்கும் சொல் துண்டு) போதவில்லை என்று மறுக்கும். இயல்பாகக் குறைந்தது 11 வேண்டும். ஏற்கெனவே கற்றதைத் திரும்பக் கொடுத்தால் 208 என்ற எண்ணோடு 'ஏற்கெனவே கற்றாயிற்று' என்று சொல்லும். இரண்டும் பிழை இல்லை.

யாராவது ஃபார்வர்டு செய்த ஸ்பாமைக் கற்பிக்கக்கூடாது. அதில் ஃபார்வர்டு செய்தவரின் ஹெடரும் கையொப்பமும் சேர்ந்திருக்கும். நம் ஆளையே ஸ்பாமர் என்று கற்றுக்கொள்ளும். இதற்காகத்தான் டவ்காட்டில் ஐமேப்சீவ் அமைப்பு. ஒருவர் மெயிலை ஜங்க் ஃபோல்டருக்கு இழுத்தால் ஸ்பாம் என்றும், ஜங்கிலிருந்து வெளியே எடுத்தால் நல்லது என்றும் தானாகக் கற்பிக்கும்.

இந்த அமைப்பில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது மிக ஆபத்தானது: ஜங்க் ஃபோல்டரைச் சுத்தம் செய்ய ஒருவர் எல்லாவற்றையும் ட்ராஷுக்கு இழுத்தால், அதுவும் 'ஜங்கிலிருந்து வெளியேறியது' என்ற கணக்கில் வந்து அத்தனை ஸ்பாமும் நல்ல மெயிலாகக் கற்பிக்கப்படும். போகும் இடம் ட்ராஷ் என்றால் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையைக் கட்டாயம் எழுதுங்கள். இரண்டாவது, சில மெயில் மென்பொருள்கள் 'ஜங்க் இ-மெயில்' என்று வேறு பெயரில் தனி ஃபோல்டர் உண்டாக்கிக்கொள்ளும். அங்கே இழுத்தால் ஸ்கிரிப்ட் ஓடாது. மூன்றாவது, ஸ்கிரிப்ட் அழைக்கும் ஷெல் ஃபைலுக்கு இயக்கும் அனுமதி இல்லாதது. பயனர் பக்கம் பார்த்தால் மெயில் நகர்ந்துவிடும், கற்றல் மட்டும் நடக்காது. ஒரு மெயிலை இழுத்துவிட்டு ஸ்டாட் எண்ணிக்கை ஒன்று கூடியதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ரெடிஸுக்கு 500 எம்பி நினைவக வரம்பு வைத்தோம். பேயஸ் டோக்கன்களுக்குக் காலாவதி கொடுக்காமல் வரம்பு மட்டும் வைத்தால், நிரம்பியதும் ரெடிஸ் எழுத மறுக்கும். பேயஸ் பகுதியில் காலாவதி 100 நாள் கொடுத்து, ரெடிஸின் கொள்கையை 'வாலட்டைல்-டிடிஎல்' (காலாவதி நெருங்கியதை முதலில் நீக்குவது) என்று வைத்தால் அந்தப் பிரச்சினை வராது.

புகார் வரும்போது

'ஓடிபி தாமதமாக வருகிறது' என்பது முதல் புகாராக இருக்கும். கிரேலிஸ்டிங், 4 மதிப்பெண்ணைத் தாண்டிய மெயிலை முதல் முறை தற்காலிகமாக மறுத்து, இயல்பாக 5 நிமிடம் கழித்து வந்தால்தான் ஏற்கும். பெரிய நிறுவனங்கள் மறுமுறை வேறு ஐபியிலிருந்து அனுப்புவதும் உண்டு. கிரேலிஸ்ட் விலக்குப் பட்டியலில் அந்த டொமைனைச் சேர்க்கலாம். ஆனால் ஓடிபி மெயில் ஏன் 4-ஐத் தாண்டியது என்று அதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

'எங்கள் வாடிக்கையாளர் மெயில் ஸ்பாமில் விழுகிறது' என்றால், லாக்கில் அந்த மெயிலுக்கு '7.35/15.00' என்பதுபோல் ஒரு மதிப்பெண்ணும் அதன் பின்னே குறியீடுகளும் இருக்கும். எஸ்பிஎஃப் தோல்வி பெரிய எண்ணாக இருந்தால் அவர் வேறு கணக்கிலிருந்து ஃபார்வர்டு செய்கிறாரா என்று கேளுங்கள். ஃபார்வர்டு ஆகும்போது எஸ்பிஎஃப் உடைவது இயல்பு. பேயஸ்-ஸ்பாம் தான் பெரியது என்றால் கற்பித்ததில் கோளாறு. அந்த மெயிலை நல்லது என்று கற்பித்தால் போதும். 'ஃப்ரம்' முகவரியை மட்டும் பார்த்து விலக்குப் பட்டியலில் சேர்ப்பதை நாங்கள் முற்றிலும் தவிர்க்கிறோம். ஃப்ரம் முகவரியை யாரும் போலியாக எழுதலாம்; வங்கியின் பெயரை அப்படிச் சேர்த்தால், வங்கியின் பெயரில் வரும் மோசடிக்கு நாமே கதவைத் திறந்துவிட்டதாகும். எஸ்பிஎஃப், டிகேஐஎம் (அனுப்பும் டொமைன் மெயிலில் இடும் மின் கையொப்பம்) இரண்டும் தேறினால் மட்டும் மதிப்பெண் குறைக்கும் ஒயிட்லிஸ்ட் மாட்யூல் இருக்கிறது. டொமைனை அதன் பட்டியலில் சேர்த்துவிட்டு, அந்த வாடிக்கையாளரை ஒரு சோதனை மெயில் அனுப்பச் சொல்லி, ஹெடரில் ஒயிட்லிஸ்ட் குறியீடு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் அவர் டொமைனில் டிகேஐஎம் கையொப்பமே இல்லாமல் இருக்கலாம். அதை அவருடைய மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்தான் சரிசெய்ய வேண்டும்.