எந்தக் குடி என்று டொக்டரும் கேட்டார்

கிழக்கிலங்கையில் எங்கள் ஊரான அக்கரைப்பற்றில் ஒரு கலியாணப் பேச்சு வந்தால் முதலில் கேட்பது, "எந்தக் குடி?" குடி என்றால் வம்சப் பிரிவு, எங்களுக்கு அது உம்மா வழியாக வருவது. வாப்பா எந்தக் குடியாக இருந்தாலும் பிள்ளை உம்மாவின் குடிதான். என் மகனுக்குப் பதினொரு மாதமாக இருக்கும்போது ஒரு டொக்டரும் கிட்டத்தட்ட அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டார்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி போட்ட தொடை இரண்டு தரம் கல்லுமாதிரி வீங்கியது. தவழத் தொடங்கியதும் முழங்கால் முழுக்க நீலம். மாமி நாவூறு என்றார். ஓதின தண்ணீர் கொடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரி, நான் பிள்ளையை அடிக்கிறேனோ என்பதுபோல் பார்த்தாள். ஒருநாள் கதவுப்படியில் விழுந்து, மேலுதட்டையும் பல்முரசையும் இணைக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தது. சோற்றுப்பருக்கை அளவு காயம். மூன்று நாள் இரத்தம் நிற்கவில்லை. முதலில் காட்டிய தனியார் இடத்தில் ஒரு தையல் போட்டு, காய்ச்சலுக்கென்று குண்டியில் ஊசியும் போட்டு அனுப்பினார்கள். ஊசி போட்ட இடம் அன்று இரவே கைப்பிடி அளவுக்குப் புடைத்தது. இரத்தம் உறையாத நோய் உள்ள பிள்ளைக்குத் தசையில் ஊசி போடக்கூடாது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். பிளேட்லெட் சரி. இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் சோதனைகளில் பீடி என்பதும் சரி. ஏபிடிடி என்ற மற்றது மட்டும் நீண்டு கிடந்தது. மாதிரி கொழும்புக்குப் போய், முடிவு வர இரண்டு கிழமை. இரத்தம் உறையப் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். காரணி என்று சொல்லி அவற்றுக்கு இலக்கம் வைத்திருக்கிறார்கள். மகனுக்கு எட்டாவது இல்லை. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஹீமோபீலியா ஏ, கடுமையான வகை.

அப்போதுதான் டொக்டர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று கீறத் தொடங்கினார். "உங்கட உம்மா பக்கம் சின்ன வயதில் இறந்த ஆண்கள் யாராவது? பல் பிடுங்கி, சுன்னத்துச் செய்து?" யாருமில்லை என்றேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மூத்தம்மாவிடம் கேட்டேன். உம்மாவின் உம்மா, எண்பதைத் தாண்டியவர். வெற்றிலையை இடித்துக்கொண்டிருந்த கை நின்றது. சூறாவளி வந்த 1978இல், சூறாவளிக்கு முந்தின நோன்புப் பெருநாள் கழித்து, ஒஸ்தா மாமா வந்து மூத்தம்மாவின் மகனுக்குச் சுன்னத்துச் செய்திருக்கிறார். நான்காம் நாள் பிள்ளை மவுத்து. புண் பழுத்தது என்று ஊரில் சொன்னார்கள். "பழுக்கல்ல மகள். சீலை மாத்தி மாத்தி வச்சன். நிக்கவே இல்ல." எனக்கு ஒரு மாமா இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. உம்மாவுக்குத் தெரியும், ஆனால் எப்படி இறந்தார் என்று தெரியாது.

அடுத்த கிளினிக்கில் இதைச் சொன்னதும் டொக்டர் ஒரு சதுரத்தைக் கறுப்பாக்கி, மூத்தம்மா, உம்மா, நான் என்று மூன்று வட்டங்களின் நடுவிலும், நோயைச் சுமப்பவர்கள் என்று ஒரு புள்ளி வைத்தார். இந்த மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோம்) இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு என்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளிக்கும். ஆணுக்கு இருப்பது ஒன்றுதான், அதுவும் உம்மா கொடுத்தது. பழுதான எக்ஸைச் சுமக்கும் ஒரு பெண்ணின் ஆண்பிள்ளை ஒவ்வொருவருக்கும் நோய் வரச் சரிபாதி வாய்ப்பு. பெண்பிள்ளை ஒவ்வொருவரும் சுமப்பவராக இருக்கவும் சரிபாதி.

அப்படியென்றால் குடி போகிற பாதையில்தான் இதுவும் போகிறது என்று எனக்குப் பட்டது. டொக்டரிடம் சொன்னேன். அவர் வெளியூர்க்காரர், குடி என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, ஓரிடத்தில் அது பிழைக்கும் என்றார். இறந்த அந்த மாமா உயிரோடிருந்து கலியாணம் முடித்திருந்தால் அவருடைய மகள்மார் அத்தனை பேரும் சுமப்பவர்கள். மகன்மார் ஒருவருக்கும் வராது. அந்த மகள்மாரோ மாமாவின் மனைவியுடைய குடி. மருந்து இல்லாத காலத்தில் ஆண்கள் தகப்பனாகும் வயதுக்கு வருவது அரிதாக இருந்தபடியால்தான் நோய் ஒரே குடிக்குள் நின்றதுபோலத் தெரிகிறது.

அந்தப் புள்ளிகள் எனக்குக் கொடுத்த குற்ற உணர்வைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. கத்தாரில் இருக்கும் கணவர் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. மாமி சொன்னார்; பிறகு விட்டுவிட்டார்.

தங்கச்சியின் விஷயம்தான் சிக்கலானது. அவளுக்கு அப்போது கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நிக்காஹ் முடியட்டும், பிறகு சோதிக்கலாம் என்றார் பெரியப்பா. மறைத்துச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தங்கச்சி யாரிடமும் கேட்காமல் என்னோடு பஸ் ஏறி வந்து கையை நீட்டினாள். எட்டாம் காரணி 34 வீதம். இதுவே லேசான ஹீமோபீலியாதான், பெண்களுக்கு வராது என்பது பழைய கதை என்றார்கள். மாதாமாதம் அவள் எட்டு, ஒன்பது நாள் பட்ட பாட்டுக்கு அன்றைக்குத்தான் ஒரு பெயர் கிடைத்தது. சோதனையில் அளவு நன்றாக இருந்தாலும் ஒரு பெண் சுமப்பவராக இருக்கலாம், அதை மரபணுச் சோதனைதான் உறுதிசெய்யும் என்பதையும் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்களே சொன்னோம். அந்தப் பேச்சு முறிந்தது. அடுத்தது முறியவில்லை.

மகனுக்கு ஐந்து வயதானதும் சுன்னத்துப் பேச்சு தொடங்கியது. மதரசாவில் பிள்ளைகள் கேட்கிறார்களாம். மௌலவியிடம் போனேன். உயிருக்குப் பயம் இருந்தால் பிந்தட்டும் என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். பிறகு, ஆயிரம் வருடத்துக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் இருந்த அல் சஹ்ராவி என்ற வைத்தியர், சின்னக் காயத்திலேயே இரத்தம் போய் ஆண்கள் இறக்கும் ஒரு ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றும் சொன்னார். எனக்குப் பெரிய ஆறுதல். எங்களுக்கு முன்னாலேயே ஒரு ஊர் இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் செய்யலாம் என்றார் டொக்டர், ஆனால் அவசரப்படக்கூடாது. முதலில் இன்ஹிபிட்டர் சோதனை. மருந்தாக ஏற்றுகிற எட்டாம் காரணியையே உடம்பு எதிரியாக நினைத்து எதிர்ப்பொருள் உண்டாக்கியிருந்தால் எத்தனை குப்பி ஏற்றியும் பயனில்லை. கடுமையான வகையில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்கு அப்படியாகும். மகனுக்கு இல்லை. பிறகு கணக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் ஏற்றினால் அளவு இரண்டு வீதம் உயரும். வெட்டும் நேரம் நூறு வீதம் வேண்டும். மகன் 19 கிலோ. 950, ஆகவே 1000 யூனிட். ஏற்றியதில் பாதி எட்டிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலத்தில் கரைந்துவிடும் என்பதால் முதல் மூன்று நாள் 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, அதன்பின் ஆறு நாள் தினம் ஒன்று. முதல் தரம் இரண்டு குப்பி, மற்றப் பதினொரு தரமும் ஒவ்வொன்று என்று மொத்தம் 500 யூனிட் குப்பி 13. அத்தனையும் கையில் இல்லாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றார் சத்திரசிகிச்சை டொக்டர். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அதனால்தான் இரண்டு தரம் திகதி தள்ளிப்போனது. ஒருமுறை வார்டில் படுக்கை கிடைத்து, மகனுக்குப் புதுச் சாரமும் வாங்கி, குப்பி எண்ணும்போது நான்கு குறைந்தது. யாரோ ஒருவர் தலையில் அடிபட்டு வந்திருக்கிறார், அவருக்குப் போட்டிருக்கிறார்கள். கோபப்படவும் முடியவில்லை. நாளைக்கு என் பிள்ளையும் அப்படிப் போகலாம். சாரத்தை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

மூன்றாம் தரம் நடந்தது. காலையில் மருந்து ஏற்றி, அரை மணித்தியாலம் கழித்துத் தியேட்டருக்கு. மருந்துத்தூளில் நீரைக் கலந்தபின் குலுக்கக்கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் மெதுவாக உருட்ட வேண்டும். இதை நேர்ஸ் என்னையும் செய்யவைத்துப் பழக்கினார். உறைந்த இரத்தம் கரையாமல் காக்கும் டிரனெக்சாமிக் அசிட் குளிசை ஒரு கிழமைக்கு. இரண்டாம் நாள் இரவு புண்ணில் போட்ட கட்டில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. நான் விடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிதாகவில்லை. மூத்தம்மா நான்காம் நாள் முழுக்கத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தாராம். ஒன்பதாம் நாள் வீடு. மகன் சாரத்தைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு நடந்தான். விருந்து வைக்கவில்லை, ஒரு கிடாவை அறுத்துப் பங்கு வைத்தோம்.

கணவரின் வட்சப் வந்தது 2024 டிசம்பரில். "வேலூரில் மருந்து கண்டுபிடித்தாயிற்று. பாஸ்போர்ட் எடு." எங்கள் பக்கத்தில் பலருக்கு வேலூர் என்றால் சிஎம்சி ஆஸ்பத்திரிதான். செய்தி பொய்யில்லை. டொக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவாவின் குழு செய்த வேலை. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்திருக்கிறது. நோயாளியின் இரத்தத்திலிருந்தே மூல உயிரணுக்களை எடுத்து, தீங்கு செய்யாதபடி மாற்றிய வைரசில் ஏற்றி எட்டாம் காரணியின் மரபணுவை அவற்றுக்குள் செலுத்தி, திரும்ப உடம்புக்குள் விட்டிருக்கிறார்கள். ஐந்து பேர். அதன்பின் ஒருவருக்கும் இரத்தக்கசிவே வரவில்லை.

கிளினிக்கில் அந்தத் தொலைபேசியை நீட்டினேன். டொக்டர் ஏற்கனவே வாசித்திருந்தார். ஐந்து பேரும் 22இலிருந்து 41 வயதுக்குட்பட்டவர்கள் என்றார். அந்த உயிரணுக்கள் குடியேற முதலில் கடும் மருந்து கொடுத்து எலும்பு மச்சையை வெறுமையாக்க வேண்டும். அந்த மருந்து பிறகு பிள்ளைப் பாக்கியத்தையும் பாதிக்கக்கூடும். ஐரோப்பாவில் 2022இலும் அமெரிக்காவில் 2023இலும் அனுமதித்த இன்னொன்று ஈரலுக்குள் மரபணுவை வைப்பது. அதுவும் வளர்ந்தவர்களுக்குத்தான், வளரும் பிள்ளையின் ஈரலில் உயிரணுக்கள் பெருகப் பெருக வைத்தது நீர்த்துப்போகும். வளர்ந்தவர்களிலேயே ஆண்டு போகப் போக அளவு குறைகிறது. 2023இல் அதன் அமெரிக்க விலை கிட்டத்தட்ட 29 இலட்சம் டொலர்.

"இவருக்கு ஏழு வயசு. நமக்கு இருக்கிற வேலை, இருபது வயசில் இவர் நல்ல முழங்காலோடு அந்த வாசலுக்குப் போறது" என்றார். மூட்டுக்குள் திரும்பத் திரும்ப இரத்தம் கசிந்தால் மூட்டு தேய்ந்துவிடும். மரபணுவை மாற்றினாலும் தேய்ந்த மூட்டு திரும்பாது. கணவரிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நீச்சல் பழக்கலாமா என்று கேட்டார். நல்லதாம். உதைபந்துதான் வேண்டாம் என்கிறார்கள். அதற்கு மகன் இன்னும் சம்மதிக்கவில்லை.

மகளுக்கு இப்போது மூன்று வயது. டொக்டரின் தாளில் அவள் வட்டத்துக்குள் கேள்விக்குறிதான். மரபணுச் சோதனை அவள் வளர்ந்து தானே தீர்மானிக்கட்டும் என்றார். ஆனால் பல்லோ காதோ எதைத் தொட முன்னரும் காரணி அளவைப் பார்க்கச் சொன்னார். மாமி காது குத்த நாள் பார்த்திருந்தார். நான் நிறுத்திவைத்து அவள் இரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தேன். 62 வீதம், போதுமான அளவு. போன வெள்ளிக்கிழமை குத்தினோம். மூத்தம்மா ஒரு வெள்ளைச் சீலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். அது தேவைப்படவில்லை.